பூரி நடக்க ஒரு தரை

குப்பம்மாளுக்குக் கண்ணைவிடக் கைமேல்தான் நம்பிக்கை அதிகம். கட்டில் காலோ, பீரோக் கதவோ, ஊஞ்சல் பலகையோ, எதுவாக இருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். பிறகு உள்ளங்கையை மரத்தின்மேல் மெதுவாக ஓடவிடுவாள். எங்காவது ஒரு நார் சிலிர்த்துக்கொண்டிருந்தால் கை தானாக நின்றுவிடும். "இங்க இருக்குதுயா ஒரு முள்ளு" என்பாள். அவள் புருஷன் பச்சையப்பன் குனிந்து, வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் பார்ப்பான். ஒன்றும் தெரியாது. "உனுக்கு மட்டும் எப்டிமே தெரியுது?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் தேய்க்கச் சொல்லுவான்.

பச்சையப்பன் பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் பேர்பெற்ற பாலிஷ் மேஸ்திரி. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் முடிந்த பஞ்சு உருண்டையால் தொட்டுத் தொட்டு அவன் போடுகிற பாலிஷில் மரம் கண்ணாடியாகிவிடும். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கல்யாணச் சீர்க் கட்டில் என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். பெண்டாட்டி தேய்க்க, புருஷன் மினுக்க, அப்படி அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

குப்பம்மாளுக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது நாய்தான். சின்ன வயசில் வயலுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனபோது ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த வலி நாயின் முகத்தோடு சேர்ந்தே அவள் நினைவில் தங்கிவிட்டது. தெருமுனையில் குட்டி நாய் ஒன்று சுருண்டு கிடந்தாலும் அவள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

அப்படிப்பட்டவள்தான் அறுபத்தாறாம் வருஷம் தை மாசத்தில் கவரைப்பேட்டை மோசஸ் வீட்டுப் படலுக்கு வெளியே, உப்புத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போகமாட்டேன் என்று நின்றாள். உள்ளே மூன்று நாய்கள் இருந்தன.

மோசஸ் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது. ரயில் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று கவரைப்பேட்டையில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மனை வாங்கினார். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற மனை. அதனால் செங்கல் தூண் எழுப்பி, அதன்மேல் பலகைத் தரை போட்டு வீடு கட்டினார். கழித்துப்போட்ட பழைய ரயில் பெட்டிகளின் தேக்குப் பலகைகளை ஏலத்தில் எடுத்து, ஒவ்வொன்றாக இழைத்து, ஆணி இருந்த ஓட்டைகளில் வட்டமாகத் தேக்குத் துண்டு வைத்து அடைத்து, எல்லாம் தன் கையாலேயே செய்தார். ஊர்க்காரர்கள் அதை ரயில் ஊடு என்பார்கள்.

நாய்களும் ரயில் கொடுத்தவைதான். ஸ்டேஷனில் ஒவ்வொரு வண்டியையும் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடி வழியனுப்பிக்கொண்டிருந்த கடுவனுக்கு கார்டு என்று பேர். தண்டவாளத்து ஓரம் கம்பத்தடியில் கிடைத்த குட்டிக்கு சிக்னல். பிளாட்பாரத்தில் பூரி விற்கிறவனின் தட்டுக்குக் கீழேயே காலம் தள்ளிக் கிழடான பெட்டைக்கு பூரி.

"நாய்ங்கள கட்டிப் போடுங்க சார். அப்புறமா நான் உள்ள வர்றேன்" என்றாள் குப்பம்மாள் படலுக்கு வெளியிலிருந்தே.

"கட்டிப் பழக்கமில்லம்மா" என்றார் மோசஸ். "ஒண்ணு செய்றேன். ரெண்ட பின்னால கொட்டாயில விட்டுட்டு வரேன். பூரி மட்டும் இருக்கட்டும். அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

கார்டும் சிக்னலும் போன பிறகுதான் அவள் படியேறினாள். கூடத்து மூலையில் சாம்பல் நிறத்தில் பூரி படுத்திருந்தது. இவர்கள் வந்த சத்தம் கேட்டு மெல்ல எழுந்தது. குப்பம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பூரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கூடத்துக்கு நடுவில் வந்து, மேஜைக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, நாற்காலியைச் சுற்றி, பின்வாசல் நிலைக்கு நேராகப் போய், படியிறங்கித் தண்ணீர்த் தொட்டியில் குடித்தது. போன தடத்திலேயே திரும்பி வந்து பழைய மூலையில் படுத்துக்கொண்டது. எதன் மேலும் ஒரு முடிகூட உரசவில்லை.

"நல்ல நாயி" என்றான் பச்சையப்பன்.

"அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது மேஸ்திரி" என்றார் மோசஸ்.

குப்பம்மாள் நம்பவில்லை. பயத்தையும் மறந்து எட்டிப் பார்த்தாள். பூரியின் கண்கள் இரண்டும் பால் ஊற்றினதுபோல வெளுத்திருந்தன. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப எப்டி சார் மேஜையில முட்டிக்காம போச்சு?"

"எனக்கும் தெரியலம்மா. நானும் வருஷக்கணக்கா பாத்துக்கினு இருக்கறேன். வாசன புடிச்சிப் போவுதுன்னு நெனச்சிக்கறேன்."

மோசஸ் அவர்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் தரைதான். எதுவும் பூசாத வெறும் மரம். தண்ணீரைக் குடித்தது, எண்ணெயைக் குடித்தது, சிக்னல் குட்டியாக இருந்தபோது பெய்ததையெல்லாம் குடித்தது. மழைக்காலம் வந்தால் அவ்வளவையும் நாற்றமாகத் திருப்பிக் கொடுத்தது. அங்கங்கே கறுப்பாகத் திட்டு விழுந்திருந்தது. இனி எதுவும் உள்ளே இறங்காதபடி மேலே ஏதாவது போட்டுத் தரவேண்டும் என்றார்.

பச்சையப்பனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "நல்லா ஈட்டி மரக் கலர் குடுத்துடலாம் சார். கறுப்புத் திட்டெல்லாம் மறஞ்சிடும். மேல நம்ம பாலிஷு. ஃபர்ஸ்ட் கிளாஸ் பொட்டி மாதிரி மூஞ்சி தெரியும்."

ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி என்றதும் மோசஸின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பெட்டிகளுக்கு மரம் இழைத்த கைகள் அவருடையவை. ஆனால் ஒருநாளும் அதில் உட்கார்ந்து போனவர் இல்லை.

வேலை தொடங்கியது. பின்னறை ஒன்றை மட்டும் சாமான்கள் அடைந்துகிடந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். கூடம் முழுக்கக் குப்பம்மாள் முட்டி போட்டுத் தேய்த்தாள். சாக்பீஸ் பவுடரில் காவி கலந்து பட்டியாகக் குழைத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்துகளையெல்லாம் நிரவினாள். கண்ணை மூடிக் கையை ஓட்டினால் ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடமே தெரியாத அளவுக்கு நிரவினாள். அதன்மேல் பச்சையப்பன் ஈட்டிக் கலரைக் கொடுத்து, பாலிஷை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போனான். முடிந்த அன்று கூடத்து வாசலில் நின்று பார்த்தபோது குப்பம்மாளுக்கே மூச்சு நின்றுவிட்டது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி வந்து வீட்டுக்குள் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. ஜன்னல், மேஜை, குனிந்து பார்க்கிற அவள் முகம், எல்லாமே தலைகீழாக அதில் இருந்தன.

"மேஸ்திரி, இது ஊடு இல்ல. அரண்மன" என்றார் மோசஸ். பின்னால் கொட்டகைக்குப் போய் நாய்களைத் திறந்துவிட்டார்.

சிக்னல்தான் முதலில் பாய்ந்து வந்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, கூடம் முழுக்கச் சறுக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் மோதி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். கார்டு வாசலிலேயே நின்று காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. அப்புறம் பூரி வந்தது.

நிலையில் நின்று முகர்ந்தது. முன்னங்கால் ஒன்றை வைத்தது. அடுத்ததை வைத்ததும் இரண்டும் அகன்றுகொண்டே போயின. பின்னங்கால்களும் பிடிகொடுக்காமல் வயிறு தரையில் பட விழுந்தது. கத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு தவழ்ந்து எழுந்து நாலடி போய் மேஜைக் காலில் நெற்றியை முட்டிக்கொண்டது. திரும்பி நடந்து சுவரில் முட்டிக்கொண்டது. மூலை எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலையை இங்கும் அங்கும் திருப்பியது. அப்போதுதான் அது குருடு என்பது பார்க்கிறவர்கள் கண்ணுக்கே தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மோசஸ் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்.

மாசி கழிந்து பங்குனியில் மோசஸ் ஆரணிக்கு வந்தார். பச்சையப்பன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நாய் பெய்த இடமெல்லாம் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டதாம். நகம் பட்ட இடமெல்லாம் ஈட்டிக் கலர் கிழிந்து, உள்ளேயிருந்து தேக்கு வெளிறிக் கோடு கோடாகத் தெரிகிறதாம்.

பச்சையப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. "நாய உள்ள உட்டா இன்னா சார் செய்றது? அதுங்கள வெளிய கட்டு. என் பாலிஷு முப்பது வருஷம் நிக்கும்."

"கட்டலாம் மேஸ்திரி. நீ சொல்றது நியாயந்தான்" என்றார் மோசஸ். "ஆனா பூரி உள்ளயே வர்றதில்ல. அன்னிக்குப் போனது, கொட்டாயிலயே கெடக்குது. சோறு வெச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குது. கோடு வுழுந்தா வுழட்டும். அதான் எனக்குப் பேஜாரா கீது."

அன்றிரவு குப்பம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நாய் ஒன்றுக்காக அவள் வருத்தப்படுவது அதுதான் முதல் தடவை. அந்த வருத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையில் பச்சையப்பனே எழுந்து பையை எடுத்தான். "வாமே. என் பாலிஷ் பூத்துப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லிட்டான். இன்னான்னு பாத்துட்டு வந்துடலாம்."

பாலிஷ் பூத்துத்தான் இருந்தது. பச்சையப்பன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வெள்ளைத் திட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் குப்பம்மாளுக்கு ஒன்று தோன்றியது. கூடத்து நிலையில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். செருப்பில்லாத காலை மெல்ல எடுத்துவைத்து நடந்தாள். கால்கீழ் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்சதூரம் போனதும் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. கையை நீட்டினால் சுவர் இருக்குமா, மேஜை இருக்குமா, தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். பின்வாசல் பக்கம் போவதாக நினைத்திருந்தவள் மோசஸின் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நேராகப் பாலிஷ் போடாத பின்னறைக்குப் போனாள். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். முதல் அடியிலேயே உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சந்து தட்டுப்பட்டது. அடுத்து ஒரு பலகை. அதன் நரம்பு காலுக்குக் குறுக்கே ஓடியது. அப்புறம் ஆணி ஓட்டையை அடைத்த வட்டம், விரல் நுனிக்குப் பொட்டு வைத்தாற்போல. அதைத் தாண்டினால் நடந்து நடந்து தேய்ந்த ஒரு பள்ளம், அதற்கு அந்தப்பக்கம் நிலைப்படி. கால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் உள்ளங்கைக்குச் சொன்ன மரம் இன்றைக்கு உள்ளங்காலுக்குச் சொன்னது. குப்பம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், இங்க வாயா!" என்று கத்தினாள். பச்சையப்பனும் மோசஸும் பதறிப்போய் ஓடி வந்தார்கள்.

"அது வாசன புடிச்சிப் போவலய்யா. காலால படிச்சிக்கினு போச்சு. இந்தச் சந்து, இந்த ஓட்ட, இந்த நரம்பு, எல்லாம் அதுக்கு அடையாளம். நாம பட்டி போட்டு எல்லாத்தையும் அடச்சிட்டோம். நான் தான்யா அடச்சேன், என் கையால."

மோசஸ் வெளியே போய், கொட்டகையிலிருந்து பூரியைத் தூக்கி வந்து பின்னறைத் தரையில் விட்டார். அது ஒரு நிமிஷம் நின்றது. முன்னங்காலால் பலகையைத் தடவுவதுபோல் ஓர் அடி வைத்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் வளைந்து வளைந்து போய்ச் சுவரோரம் இருந்த பழைய சாக்கின்மேல் படுத்தது. மூன்று பேரும் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். பச்சையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். தான் அதை எடுத்ததுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

கடைசியில் அவன்தான் பேசினான். "சுரண்டிடலாம் சார். முழுசா."

ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஊறவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, தான் ஏற்றின பாலிஷைத் தானே இறக்கினான். குப்பம்மாள் கத்தி முனையால் சந்துகளிலிருந்து பட்டியைக் கிளறி எடுத்தாள். அடுத்து என்ன போடுவது என்பதில்தான் குழப்பம். வெறும் மரமாக விட்டால் நாற்றம். பூசினால் நாய்க்குக் கண் போய்விடும். பலகைத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றைப் பூசிக் கொட்டகையில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது என்று மோசஸ் சொன்னார்.

ஒரு துண்டில் கோபால் என்கிற பிசினில் காய்ச்சின வார்னிஷ் போட்டார்கள். ஒன்றில் தேன்மெழுகு மட்டும். ஒன்றில் பழவேற்காட்டுப் படகுக்காரர்கள் படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெய். ஒன்றில் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு, டர்பன்டைனும் துளி மெழுகும் கலந்து, துணியால் அழுந்தத் தேய்த்து ஏற்றினது. பாலிஷையும் பச்சையப்பன் விடவில்லை. ரொம்ப மெல்லிசாக ஒரு துண்டில் போட்டுக் கடைசியில் வைத்தான்.

மறுநாளே மீன் எண்ணெய் தோற்றது. மூன்று நாயும் அந்தத் துண்டைச் சுற்றி உட்கார்ந்து நக்கியே வெளுப்பாக்கிவிட்டன. மெழுகு போட்ட துண்டு வெயில் ஏறினதும் பிசுபிசுத்துப்போய், நாய் முடியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. மிச்சத்துக்கு என்ன சோதனை வைப்பது என்று இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கார்டு வரிசையாக வந்து ஒவ்வொரு துண்டிலும் காலைத் தூக்கிவிட்டுப் போனது. பச்சையப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாம யோசிச்சிக்கினு இருக்கறோம், அது முடிச்சிட்டுப் போவுது பாரு!"

ஊறட்டும் என்று விட்டுவிட்டு மறுநாள் பார்த்தார்கள். பாலிஷ் வெள்ளையாகப் பூத்தது. வார்னிஷ் தாங்கியது. ஆனால் அது மரத்துக்கு மேலே தோல் மாதிரி நின்றது. சிக்னலின் நகம் பட்டதும் அந்தத் தோல் வெள்ளைக் கோடாகக் கிழிந்தது. எண்ணெய்த் துண்டில் லேசாக ஒரு கறுப்புத் திட்டு. குப்பம்மாள் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்தாள். திட்டு போன இடம் தெரியவில்லை.

"சரி, எண்ணெயே இருக்கட்டும். ஆனா கலராவது போட்டுடலாம்" என்றான் பச்சையப்பன். அவனுக்கு மனசு கேட்கவில்லை. "கலர் போடாம உட்டா பச்சக் கொழந்தய அம்மணமா நிக்க வெச்ச மாதிரி இருக்கும்."

ஒரு துண்டில் கலர் கொடுத்து எண்ணெய் ஏற்றினார்கள். இன்னொன்றில் கலர் இல்லாமல் ஏற்றினார்கள். இரண்டின்மேலும் சிக்னலை ஓடவிட்டார்கள். கலர் போட்டதில் ஒவ்வொரு நகமும் எழுதிவைத்தாற்போலத் தெரிந்தது. கலர் போடாததில் கீறல் இருந்தது, ஆனால் கீறலுக்குள்ளும் அதே தேக்கு, அதே நிறம். தேடிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பட்டது. பச்சையப்பன் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய் குடித்த தேக்கு உள்ளேயிருந்து விளக்கேற்றின மாதிரி இருந்தது. நரம்புகள் ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல ஓடின. "இத்தினி நாளா கலர் போட்டுப் போட்டு இத மூடிக்கினு இருந்தேனா நானு?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டான்.

ஆனாலும் மோசஸ் உடனே சரி என்று சொல்லவில்லை. "பூரிய கேட்டுடலாம்" என்றார்.

எல்லாத் துண்டுகளையும் கழுவித் துடைத்து நெருக்கமாகப் பரப்பி, பூரியை அதன் ஓரத்தில் விட்டார்கள். அது முகர்ந்து முகர்ந்து போனது. வார்னிஷின்மேல் காலை வைத்துவிட்டு இழுத்துக்கொண்டது. பாலிஷ் துண்டைத் தொடவே இல்லை, சுற்றிக்கொண்டு போனது. எண்ணெய்த் துண்டுக்கு வந்ததும் ஒரு காலை வைத்தது. அழுத்திப் பார்த்தது. மறு காலையும் வைத்தது. ஒருமுறை தன்னையே சுற்றிக்கொண்டு, அந்தச் சின்னப் பலகைக்குள் உடம்பை எப்படியோ மடக்கிப் படுத்து, பெருமூச்சு விட்டது.

கூடத்துக்கு எண்ணெய் ஏற்றினார்கள். சந்தை அடைக்காமல், ஓட்டைகளின் வட்டத்தைத் தேய்த்துவிடாமல், மரத்தின் நரம்போடு நரம்பாக ஏற்றினார்கள். ஒரு கை காய்ந்த பிறகே அடுத்த கை. எண்ணெய் காய நாளாகும், அவசரப்பட்டால் பிசுக்கு நிற்கும் என்று பச்சையப்பன் கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். சித்திரை வெயில் நன்றாக உதவி செய்தது.

கதவைத் திறந்த அன்று மோசஸ் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பச்சையப்பன் வாசலில். குப்பம்மாள் கூடத்து மூலையில் நின்றாள். மூன்று நாயும் கொட்டகைக்கு வெளியேதான் இருந்தன. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

பூரி பின்வாசல் படி ஏறி வந்தது. நிலையில் நின்றது. மூக்கை நீட்டியது. ஒரு கால். இன்னொரு கால். வழுக்கவில்லை. முதல் சந்தில் கால் பட்டதும் அதன் காதுகள் நிமிர்ந்தன. அப்புறம் அது நின்று யோசிக்கவே இல்லை. நடந்தது. நாற்காலியைச் சுற்றியது. மேஜைக்கு ஒரு சாண் முன்னால் வளைந்தது. மோசஸின் கட்டிலுக்குப் போய் அவர் முட்டியில் மூக்கை வைத்தது. அவர் அதன் தலையைத் தடவினார். பூரி திரும்பித் தன் மூலைக்கு நடந்தது. அந்த மூலையில்தான் குப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் நகரவில்லை. நகர வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பூரி அவள் பாதத்தை முகர்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த கையை முகர்ந்தது. அந்தக் கையிலும் தரையிலும் ஒரே எண்ணெய் வாசனை. மெதுவாகப் படுத்து, தாடையை அவள் புறங்காலின்மேல் வைத்துக்கொண்டது. குப்பம்மாளுக்குக் கண்ணீர் கரகரவென்று இறங்கியது. துடைத்தால் கால் அசைந்துவிடுமோ என்று துடைக்காமலே நின்றாள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போனது. தரை லேசாக அதிர்ந்தது. பூரி கண்ணை மூடிக்கொண்டே காதை மட்டும் ஆட்டியது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் அந்தத் தரைக்கு ஒரு கை எண்ணெய் ஏற்றுவது குப்பம்மாளின் வேலையாயிற்று. மோசஸை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்து, மேனேஜர்கள் வீடு கட்டினபோது, மரப்படி, மரத்தரை என்றால் இவர்களைத் தேடி வந்தார்கள். ஒரு வீட்டில் அல்சேஷன் நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். அந்த வீட்டம்மா கண்ணாடி மாதிரி மினுங்கவேண்டும் என்றாள். பச்சையப்பன் அரைநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னான், அவள் கேட்கவில்லை. கேட்டபடியே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். "அவங்க ஊடு, அவங்க இஷ்டம்" என்றான். குப்பம்மாள் மட்டும் கிளம்பும்போது அந்த நாயின் முதுகைத் தட்டி, "பாத்து நட கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த தையிலேயே அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது, எண்ணெய் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி.

பூரி நிறைய வயசு வாழ்ந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் மார்கழியில், தன் மூலையிலேயே, தூங்கினாற்போலப் போய்விட்டது. மோசஸ் கொய்யா மரத்தடியில் புதைத்தார்.

அந்தத் தையில் எண்ணெய் ஏற்றப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். காலை வெயில் ஜன்னல் வழியாகத் தாழ்வாக வந்து தரையில் நீண்டு விழுந்திருந்தது. குப்பம்மாள் வாளியைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் ஒரு தடம் மினுங்கிக்கொண்டிருந்தது. மூலையிலிருந்து கிளம்பி, மேஜைக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, நாற்காலியைச் சுற்றி, பின்வாசலுக்குப் போய், அங்கிருந்து கட்டிலுக்கு ஒரு கிளை பிரிந்து ஓடியது. ஒரு சாண் அகலம்கூட இருக்காது. இத்தனை வருஷம் பூரியின் பாதம் பட்டுப் பட்டு, எண்ணெய் குடித்த மரம் அந்த வழியில் மட்டும் மெழுகு போலப் பதமாகியிருந்தது. பாலிஷ் மினுமினுப்பு வேறு, இது வேறு. எந்தக் கையாலும் இதை ஏற்றியிருக்க முடியாது.

"நைனா, இதப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேம்மா. அது போன மறுநாள்தான் பாத்தேன்" என்றார் மோசஸ். "அது இருந்த வரைக்கும் கண்ணுல படல."

பச்சையப்பன் உப்புத்தாளை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தான். அந்த மூலையில் போய் நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். தலை நரைக்கத் தொடங்கியிருந்த மனுஷன், கையை இரண்டு பக்கமும் லேசாக விரித்துக்கொண்டு, அந்தத் தடத்தின்மேல் அடி வைத்தான். குப்பம்மாள் சிரிக்க வாயெடுத்தாள். அவன் மேஜைக்கு முன்னால் வந்ததும் கால் தானாக வளைந்ததைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். நாற்காலியைச் சுற்றினான். நிலையைத் தாண்டினான். படியிறங்கினான். குனிந்து கையை நீட்டினான். விரல் நுனி தண்ணீர்த் தொட்டியில் நனைந்தது.

கண்ணைத் திறந்து திரும்பி அவர்களைப் பார்த்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றுகொண்டிருந்தான்.